தலைக்கவசமும் தலைக்குள் இருப்பதும்

அமெரிக்கர்கள் புட்பால் என்று பெயரிட்டிருக்கும் ஆட்டத்தில் காலுக்கு உள்ள வேலை சொற்பமே. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓட, எதிர்க் கட்சியார் பாய்ந்து அவனைக் கட்டிப் பிடித்துத் தரையில் வீழ்த்துவதே அதன் சாரம். இவ்விதம் வீழ்த்துவதற்கு டாக்கிள் என்று பெயர். அத்தேசத்தில் ஆறேழு வயதுப் பாலகர்களும் தலைக்கவசம் அணிந்து இதில் இறங்குகிறார்கள். அங்கே குடியேறியுள்ள நம்மவரிடமும் பிள்ளைகள் அனுமதிச் சீட்டை நீட்டுவது உண்டாதலால், இவ்விஷயத்தைச் சற்று ஆராய்வோம்.

இதன் அபாயம் நெடுநாளாக அறிந்ததே. ஆட்டக்காரர் உயிரிழப்பது வழக்கமாகிவிட்ட 1905-ல், ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் கலாசாலைகளின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். மறு ஆண்டு விதிகள் திருத்தப்பட்டன. 1968-ல் ஆட்டத்தில் அடிபட்டு மாண்டோர் 36 பேர். 1976-ல் தலையை முன்னே நீட்டி மோதுதல் தடுக்கப்பட்டது, கவசமும் செம்மையாயிற்று. 1990-ல் அவ்வகை மரணம் ஒன்றேனும் நிகழவில்லை. விதியைத் திருத்தினால் உயிர் பிழைக்கும் என்பதற்கு இச்சரித்திரமே சாட்சி.

ஆயினும் மெதுவாய் வரும் கேடு ஒன்று உண்டு. கொப்பரைத் தேங்காயை ஆட்டினால், ஓடு உடையாமலே உள்ளே பருப்பு முட்டுவதைக் கேட்கிறோம். கவசம் மண்டையோட்டைக் காக்கிறது; உள்ளே மூளை குலுங்குவதை அதனால் முற்றும் தடுக்க இயலாது. பிட்ஸ்பர்க் நகரின் புகழ் பெற்ற ஆட்டக்காரர் மைக் வெப்ஸ்டர் 2002-ல் தம் ஐம்பதாம் வயதில் காலமானார். நைஜீரியாவில் பிறந்த டாக்டர் பென்னட் ஒமாலு அவரது மூளையைச் சோதித்து, குத்துச்சண்டைக்காரரிடம் காணப்படும் சிதைவை ஒத்த நோயைக் கண்டார். 2017-ல் பாஸ்டன் ஆராய்ச்சியாளர்கள், தொழில்முறை ஆட்டக்காரர் 111 பேரின் மூளைகளுள் 110-ல் இந்நோய் இருந்ததாக வெளியிட்டனர். சந்தேகம் கொண்ட குடும்பத்தார் பலர் தானமாக அளித்த மூளைகளாதலால், எல்லா ஆட்டக்காரருக்கும் இக்கணக்கைப் பொருத்தலாகாது. ஆனால் 2019-ல் வந்த முடிவு பெற்றோர் கருதத்தக்கது: ஆடிய ஆண்டு ஒவ்வொன்றும் நோயின் வாய்ப்பைச் சுமார் 30 சதவிகிதம் உயர்த்துகிறதாம். மயங்கி விழச் செய்யாத சிறு மோதல்களும் சேர்ந்தே தீங்கு விளைக்கின்றன. ஆறு வயதில் தொடங்குபவன் பதினான்கு வயதுக்குள் எட்டு ஆண்டு மோதல்களைச் சேர்த்துவிடுகிறான். உடலுக்குப் பெரிய தலையும் வலுவற்ற கழுத்தும் உடைய பருவம் அது.

"தைரியமும் கட்டுப்பாடும் பின் எங்ஙனம் வரும்?" என்று தந்தைமார் கேட்பது நியாயமே. சோம்பி வீட்டில் கிடப்பதும் பிள்ளைக்கு நன்றன்று. இதற்கு வழி இருக்கிறது. இடுப்பில் தொங்கும் பட்டையைப் பறித்தால் ஓடுபவன் நின்றுவிடவேண்டும் என்னும் கொடிப் புட்பாலில் ஓட்டமும் எறிதலும் யுக்தியும் குறைவற உண்டு. 2028-ம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் பந்தயங்களிலும் அதைச் சேர்க்கத் தீர்மானித்துள்ளனர். ஏழு முறை பட்டம் வென்ற டாம் பிரேடி உயர்நிலைப் பள்ளி சேரும் வரை டாக்கிள் ஆட்டம் ஆடியவரல்லர். காத்திருந்ததால் அவர் இழந்தது ஒன்றுமில்லை.

அதன் பின்னும் ஆடுவேன் என்னும் பிள்ளையின் பெற்றோர், பயிற்சியாளரிடம் இரண்டு கேள்விகள் கேட்கக் கடமைப்பட்டவர்கள். வாரத்தில் எத்தனை நேரம் மோதல் பயிற்சி? கலிபோர்னியா 2014-ல் செய்த சட்டம், பள்ளி ஆட்டக்காரருக்கு வாரம் இருமுறை, 90 நிமிஷத்துக்கு மேற்படாமல் என்று வரையறுத்தது. தலையில் அடிபட்டவனை உடனே வெளியேற்றுவீர்களா? வாஷிங்டன் ராஜ்யத்தில் 2006-ல் அடிபட்ட 13 வயதுச் சிறுவன் ஒருவன் அதே ஆட்டத்தில் மீண்டும் இறங்கி, மூளை பெரிதும் சேதமுற்றான். அதனால் 2009-ல் அங்கே சட்டம் பிறந்தது. 2014-க்குள் ஐம்பது ராஜ்யங்களும் அத்தகைய சட்டம் இயற்றின. தலைவலியையும் மயக்கத்தையும் மறைப்பது வீரமென்று சிறுவர் எண்ணுவர். அதைச் சொல்வதே வீரம் என்று வீட்டில் கற்பிக்க வேண்டும்.

ஆறு வயதுப் பிள்ளைக்குத் தன் மூளையைப் பற்றித் தீர்மானிக்கும் அறிவு ஏது? கையெழுத்து நம்முடையதாகும்போது, பொறுப்பும் நம்முடையதே.