விழுந்தவர் மேல் பழி போடாதீர்

விடிவதற்கு முன்பே போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளை ஜீப்புகள் ஏறி முடித்துவிடுகின்றன. தேனி மாவட்டத்துப் போடியிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் கூலிக்குப் போகிறவர்கள் கேரளத்தின் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை ஏலத்தோட்டங்களில் இறங்குகிறார்கள். அவர்களில் சிலர் மரம் ஏறுகிறவர்கள். மிளகு பறிக்க ஏறுகிறார்கள். நிழல் மரத்தைக் கவாத்து செய்ய ஏறுகிறார்கள். ஏறுகிறவர்கள் விழுகிறார்கள். முதுகெலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கிறார்கள், அல்லது உயிரை விடுகிறார்கள். இதற்குப் பதில் சொல்ல மலையிலும் ஆள் இல்லை, அடிவாரத்திலும் ஆள் இல்லை.

ஒவ்வொரு முறையும் ஒரே தீர்ப்பு எழுதப்படுகிறது: கால் தவறிவிட்டது. கால் தவறியது உண்மை. தவறிய காலைத் தாங்க என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அவர்களுக்குத் தரப்படும் ஏணியைப் பாருங்கள். பல தோட்டங்களில் அது ஒற்றை மூங்கில். கணுவில் கிளைத்த கட்டையைக் கொஞ்சம் விட்டு வெட்டினால் அதுதான் படி. அடியில் வழுக்காத பாதம் கிடையாது. நுனியில் கொக்கி கிடையாது. மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாய்த்துக் கயிற்றால் கட்டினால் கட்டியது, கட்டாவிட்டால் இல்லை. மலைச்சரிவில் ஈரமண் இளகினால் மூங்கில் உருளும். ஏறியவர் மரத்துக்கும் ஏணிக்கும் நடுவே தொங்குவார்.

ஏணி வேலைக்கு முதல் பாடம் மூன்று பிடிமானம். இரண்டு காலும் ஒரு கையும், அல்லது இரண்டு கையும் ஒரு காலும் எப்போதும் பற்றியிருக்க வேண்டும். மிளகு பறிப்பவரால் இது முடியாது. ஒரு கை கொடியை வளைக்க வேண்டும், மறு கை சரத்தைக் கிள்ள வேண்டும், இடுப்பில் சாக்கு கனக்கும். கை இரண்டும் வேலையில் இருப்பதால்தான் உடலைத் தாங்கப் பாதுகாப்பு பெல்ட் கட்டாயம். 20 அடி உயரத்திலிருந்து விழுகிறவர் ஒரு நொடிக்குச் சற்று அதிகமான நேரத்தில் மணிக்கு 39 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடுகிறார். அந்த ஒரு நொடியில் எந்தத் திறமையும் உதவாது. பெல்ட் மட்டுமே உதவும்.

பெல்ட்டுக்கு இந்தியத் தரம் இருக்கிறது, ஐ.எஸ். 3521. ஏணிக்கும் இருக்கிறது, ஐ.எஸ். 3696, இரண்டாம் பாகம், 1991. நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி தள்ளி ஏணியின் கால் நிற்க வேண்டும் என்பது ஊரறிந்த கணக்கு. இவை தோட்டத்துக்கு வந்து சேரவில்லை. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசும் இடத்தில், பெல்ட் மாட்டும் நேரமும் ஏணியைக் கட்டும் நேரமும் தொழிலாளியின் சோற்றிலிருந்து கழிகின்றன. அவசரத்தைக் கூலிமுறையே கட்டாயமாக்கிவிட்டு, அவசரப்பட்டதாகத் தொழிலாளியைக் குறை சொல்கிறார்கள்.

சட்டமியற்றியவர்களும் இதற்குப் பொறுப்பு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, விழக்கூடிய உயரத்தில் வேலை செய்பவருக்குத் தடுப்போ வேறு காப்போ செய்து தரச் சொன்னது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் அப்படி ஒரு வரி இருக்கவில்லை. 2010இல் அதில் பாதுகாப்புக்கென்றே ஒரு புதிய அத்தியாயம் சேர்த்தார்கள். பூச்சிமருந்து, இரசாயனம், நச்சுப்பொருள் பற்றி எழுதினார்கள். மருந்தடிப்பவர் கண்ணில் பட்டார். அவர் தலைக்கு மேலே மரத்தில் நின்றவர் படவில்லை. தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனா, ஏலம் என்று அந்தச் சட்டத்தின் பயிர்ப் பட்டியல் முடிந்தது. மிளகு அதில் இருக்கவில்லை. 5 ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டத்தையும் சட்டம் சேர்க்கவில்லை. ஏலமலையில் அப்படிப்பட்ட சிறு தோட்டங்கள் எத்தனை என்பது தோட்ட ஆய்வாளர்களுக்குத் தெரியாததா?

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் தோட்டப் பாதுகாப்புக்கென்று தனியாகச் சொல்வது மருந்தைப் பற்றித்தான். ஆனால் அதன் 6ஆவது பிரிவு தெளிவானது. காயம் விளைவிக்கும் அபாயம் இல்லாமல் பணியிடத்தை வைத்திருப்பது முதலாளியின் கடமை. கடமை தவறி மரணம் நேர்ந்தால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். ஒற்றை மூங்கிலில் ஆளை ஏற்றுவது அபாயம் இல்லையென்றால் வேறு எது அபாயம்? இந்தப் பிரிவைத் தோட்டத்தில் பயன்படுத்த அதிகாரிகளுக்குப் புதிய ஆணை எதுவும் தேவையில்லை.

இனி முதலாளிகளின் வழக்கமான மூன்று பதில்கள். மிளகைக் குத்தகைக்கு விட்டுவிட்டேன் என்பது ஒன்று. தினக்கூலி ஆள், என் பதிவேட்டில் இல்லை என்பது இன்னொன்று. குடித்திருந்தான் என்பது மூன்றாவது. மூன்றும் செல்லாது. ஒப்பந்தக்காரர் கொண்டுவந்த ஆளுக்கும் இழப்பீடு தரும் பொறுப்பை 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டமே முதன்மை முதலாளி மீது வைத்தது. தினக்கூலிக்கு இருந்த விலக்கை 2000ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது. மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்தால், குடியைக் காட்டிக் கூட இழப்பீட்டை மறுக்க முடியாது. இதைச் சொல்லாமல் மறைத்து, பிணத்தைச் சுற்றி நின்று பேரம் பேசுகிறார்கள்.

பேரத்தில் பறிபோவது எவ்வளவு? இழப்பீட்டுக் கணக்குக்கான மாதக் கூலி வரம்பு 2020 சனவரியில் 15,000 ரூபாய் ஆக்கப்பட்டது. அந்தக் கூலி வாங்கிய 30 வயதுத் தொழிலாளி இறந்தால் அவர் குடும்பத்துக்கு உரியது சுமார் 15.6 லட்சம் ரூபாய். ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 விழுக்காடு வட்டி. காரணமின்றி இழுத்தடித்தால் தொகையில் பாதி வரை தண்டம். ஈமச்செலவுக்கென்று கையில் திணிக்கும் பணத்தை இந்தத் தொகையோடு வைத்துப் பாருங்கள். அதற்குப் பெயர் உதவி அல்ல.

மின்கம்பி தனிக் கொடுமை. தோட்டத்துக்கு நடுவே 11,000 வோல்ட் கம்பி போகிறது. இரும்பு, அலுமினிய ஏணியும் துறட்டியும் கம்பி அருகே கூடாது என்று மின்வாரியம் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. நனைந்த பச்சை மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும். எச்சரித்ததோடு வாரியத்தின் வேலை முடியவில்லை. கம்பியை ஒட்டிய மரத்தில் பறிப்பு முடியும்வரை மின்சாரத்தை நிறுத்தித் தருவதும் அதன் வேலை.

எல்லைக்கோடு எல்லாருக்கும் வசதியாகப் போய்விட்டது. விழுந்த இடம் இடுக்கி மாவட்டம். வீடு தேனி மாவட்டம். வழக்கு அங்கே, மருத்துவமனை இங்கே. கேரளம் அவரை வெளியூர்க் கூலி என்கிறது. தமிழகம் வெளிமாநில விபத்து என்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கையில் உயரத்திலிருந்து விழுந்தவர்கள் என்று ஒரு வரி வரும். அந்த வரியில் மொட்டை மாடியும் மிளகுக்கொடியும் ஒன்றே. இறந்தவர் குடும்பம் தான் வசிக்கும் இடத்து இழப்பீட்டு அதிகாரியிடமே இழப்பீடு கோரலாம் என்பது சட்டம். சாந்தன்பாறைக்கு அலைய வேண்டியதில்லை. இதைப் போடியில் ஒரு பலகையில் எழுதி வைக்கத் தமிழகத் தொழிலாளர் துறைக்கு என்ன தடை?

முடியாத காரியத்தை யாரும் கேட்கவில்லை. 2011இல் தென்னை வளர்ச்சி வாரியம் தென்னை ஏறுவோருக்குப் பயிற்சி தந்தது, ஏறும் கருவி தந்தது, விபத்துக் காப்பீடும் செய்தது. தென்னைக்குச் செய்ததை மிளகுக்கு ஏன் செய்யவில்லை? போடியில் ஏலக்காய் ஏலம் நடத்தும் நறுமணப் பொருள் வாரியத்துக்கு மிளகும் சொந்தப் பொறுப்புதான். ஏலக்காய் எத்தனை மில்லிமீட்டர் என்று அளக்கத் தெரிந்த வியாபாரம் இது. ஏணியை அளக்கத் தெரியாது என்று சொல்ல வேண்டாம். பிரிட்டன் 2005இல் கொண்டுவந்த விதிகள், உயரம் ஏறாமல் செய்ய முடிகிற வேலைக்கு ஆளை ஏற்றவே கூடாது என்று தொடங்குகின்றன. கொடியை எட்டும் உயரத்தில் நிறுத்திக் கவாத்து செய்யும் தோட்டக்காரர்கள் நம் மலையிலும் உண்டு. மற்றவர்கள் ஏன் செய்யவில்லை என்று கேட்க வேண்டியவர்கள் தோட்ட ஆய்வாளர்கள். அவர்கள் கேட்கவில்லை.

கேரளமும் தமிழகமும் அடுத்த மிளகுப் பறிப்புக்கு முன் கூட்டு ஆய்வைத் தொடங்க வேண்டும். ஒற்றை மூங்கில் ஏணியைத் தடைசெய்ய வேண்டும். பெல்ட்டும், மரத்தில் கட்டிய காப்புக் கயிறும், ஏணியின் அடியில் ஓர் ஆளும் இல்லாமல் யாரையும் ஏற்றக் கூடாது. மழை நாளில் ஏற்றவே கூடாது. செலவு உரிமையாளருடையது. கூலியில் ஒரு காசும் பிடிக்கக் கூடாது. 5 ஹெக்டேர் வரம்பை உயர வேலைக்கு நீக்க வேண்டும். ஒவ்வொரு வீழ்ச்சியும் இரண்டு மாநிலப் பதிவேட்டிலும் ஏற வேண்டும். இதற்குப் பிறகும் ஒருவர் விழுந்து இறந்தால், முதல் குற்றவாளியாகத் தோட்ட உரிமையாளரின் பெயரை எழுதுங்கள். ஆய்வுக்கே போகாத அதிகாரியின் பெயரை இரண்டாவதாக எழுதுங்கள்.