திருத்தம் வெளியானதுடன் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை

இலவசமாகக் கிடைக்கும் பொருளொன்றில் குறை காணப்படுமாயின் அதற்குப் பொறுப்பேற்பவர் யார் என்ற கேள்வி எழுவது இயல்பே. உலகெங்கும் எண்ணற்ற இணையத்தளங்களை இயக்கிவரும் அப்பாச்சி சேவையக மென்பொருளில் 2021 ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட வழு, இக்கேள்வி குறித்து நாம் சிந்திக்க வேண்டியதன் அவசியத்தை உணர்த்துகின்றது.

1995 இல் நிரலாளர்கள் சிலரின் கூட்டு முயற்சியாக ஆரம்பமான அப்பாச்சியின் மூலநிரலை எவரும் பார்வையிடலாம், திருத்தலாம். ஆனால், எவரும் பார்க்கலாம் என்பதனால் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கின்றனர் என்று கருதிவிட முடியாது. 2021 செப்டெம்பரில் வெளியான 2.4.49 ஆம் பதிப்பில், கோப்புகளின் பாதையைச் சரிபார்க்கும் பகுதி மாற்றியமைக்கப்பட்டபோது தவறொன்று நுழைந்துகொண்டது. மேற்கோப்புறைக்குச் செல்வதைக் குறிக்கும் இரு புள்ளிகளில் ஒன்றைக் குறியீட்டு வடிவில் எழுதி அனுப்பினால் அச்சோதனை அதனைக் கண்டுகொள்ளவில்லை. மேலதிகத் தடைகள் இடப்படாத சேவையகங்களில், வெளியார் காணக்கூடாத கோப்புகளும் இதனால் அவர்கள் கைக்கு எட்டின.

செப்டெம்பர் 29 ஆம் திகதி இவ்வழு அப்பாச்சியின் பாதுகாப்புக் குழுவினருக்கு அறிவிக்கப்பட்டது. ஒக்டோபர் 4 ஆம் திகதி திருத்திய பதிப்பு வெளியானது. எனினும், அத்திருத்தம் முழுமையானதாக அமையவில்லை. குறியீட்டையே மீண்டுமொரு முறை குறியீடாக்கி அனுப்பியபோது பழைய வழி மறுபடியும் திறந்துகொண்டது. ஒக்டோபர் 6 ஆம் திகதி இது அறிவிக்கப்பட, மறுநாளே 2.4.51 ஆம் பதிப்பு வெளியிடப்பட்டது. தமது முதல் திருத்தம் போதுமானதாக இருக்கவில்லை என்பதை அக்குழுவினர் மூடி மறைக்காது பகிரங்கமாகவே அறிவித்தமை குறிப்பிடத்தக்கது.

வழுவை முதலில் இரகசியமாக அறிவிப்பதும் திருத்தம் தயாரானதும் அதனைப் பகிரங்கப்படுத்துவதும் நியாயமான நடைமுறையே. ஆயினும், திருத்தம் வெளியாகும்போதே வழு எங்கிருந்தது என்பது தாக்க நினைப்போருக்கும் தெரிந்துவிடுகின்றது. அதன் பின்னர் கழியும் ஒவ்வொரு நாளும் பழைய பதிப்பையே வைத்திருப்போருக்கு ஆபத்தானது. இந்த வழுவோ திருத்தம் வெளியான அவ்வேளையிலேயே தாக்குதல்களுக்குப் பயன்படுத்தப்பட்டு வந்தது.

அப்பாச்சியின் அனுமதிப்பத்திரம் எவ்வித உத்தரவாதமும் வழங்கப்படவில்லை என்று தெளிவாகவே கூறுகின்றது. எனவே இத்தகைய மென்பொருளைக் கட்டணமின்றிப் பெற்றுப் பயனடையும் அரச திணைக்களங்களும் நிதி நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும், புதிய பதிப்பை உடனுக்குடன் நிறுவுவதற்கென ஓர் அலுவலரையேனும் பொறுப்பாக நியமித்தல் வேண்டும். தாம் காணும் குறைகளை உரியவர்களுக்கு அறிவிப்பதும் அவற்றின் கடமையே. மென்பொருளை ஆக்கியவர்கள் சில நாட்களில் செய்து முடித்த திருத்தத்தை, அதனை நிறுவ வேண்டியவர்கள் மாதக்கணக்கில் கிடப்பில் போடுவார்களாயின், நேரும் இழப்புக்கு இலவச மென்பொருளைக் குறை கூறுவதில் நியாயமில்லை என்பதே எமது கருத்தாகும்.