கமுதியிலிருந்து மேல்பாதி வரை

1897ஆம் ஆண்டு மே மாதம் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் நுழைந்து சாமி கும்பிட்டார்கள். கோயிலின் பரம்பரைத் தர்மகர்த்தாவான ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வழக்குப் போட்டார். கோயில் தீட்டாகிவிட்டது, சுத்தி செய்யும் சடங்குகளுக்கு நாடார்களே பணம் தர வேண்டும் என்பதும் கோரிக்கைகளில் ஒன்று. மதுரையில் தோற்ற நாடார்கள் சென்னை உயர் நீதிமன்றத்திலும் தோற்றார்கள். கடைசியில், 1908இல், லண்டன் பிரிவி கவுன்சிலும் கைவிரித்தது. நெடுங்காலமாக நாடார்கள் உள்ளே போனதில்லை, ஆகவே போகும் உரிமையும் இல்லை என்பதே தீர்ப்பின் சாரம்.

வழக்குப் போட்டவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. விவேகானந்தரின் சிகாகோ பயணத்துக்குத் துணைநின்றவர், வள்ளல் என்று பெயரெடுத்தவர். ஆழ்ந்த பக்தியும் பெரும் அநீதியும் ஒரே மனிதரிடம் குடியிருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வழக்கு நடந்த பத்தாண்டுகளிலும் நீதிமன்றங்கள் கேட்டது ஒன்றே: வழக்கம் என்ன? அந்த வழக்கம் நியாயம்தானா என்பது தங்கள் வேலையல்ல என்று ஒதுங்கிக்கொண்டன.

கோயில் விவகாரத்தில் அரசும் சட்டமும் தலையிடக்கூடாது என்று இன்றைக்குப் பலர் வாதிடுகிறார்கள். அவர்கள் கமுதி வழக்கைப் படிக்க வேண்டும். சட்டம் எப்போதோ கோயிலுக்குள் வந்துவிட்டது. வாசலை மறித்தவர்களின் பக்கம் நின்று, சுத்திச் சடங்குக்குப் பணமும் கட்டச் சொன்னது. பின்னாளில் வந்த சட்டங்கள் செய்ததெல்லாம் பக்கம் மாறி நின்றதுதான்.

மதத்தின் பெயரால் மறித்தார்கள் என்கிறோம். மதம் உண்மையில் என்ன சொல்லிற்று? சிவாலயப் பிராகாரத்தில் வரிசையாக நிற்கும் அறுபத்து மூவரில் நந்தனாரும் ஒருவர். திருநாளைப்போவார் என்று பெரியபுராணம் அவரைக் கொண்டாடுகிறது. புலையர் குலத்தில் பிறந்த அவர் தில்லைக் கூத்தனைக் காண்பதற்கு முன் தீயில் இறங்க நேர்ந்தது என்பதையும் அதே நூல் சொல்கிறது. அடியாரை நாயனாராக ஏற்றுக்கொண்ட சமயம், அவருடைய மக்களைப் பல நூற்றாண்டுகள் மதிலுக்கு வெளியே நிறுத்தியது. அந்த மக்களை விரட்டியவர்களே உள்ளே அவர் சிலையை வலம்வந்து கும்பிட்டார்கள். இந்த முரண் உறுத்தாத பக்தியை எப்படிப் பக்தி என்பது?

சிலருக்கு உறுத்தியது. 1924இல் திருவிதாங்கூரின் வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகவே போராட வேண்டியிருந்தபோது, துறவியான நாராயண குரு ஆதரவு தந்தார். கடவுள் மறுப்பாளராகப் பின்னாளில் அறியப்பட்ட பெரியார் இரண்டு முறை சிறை சென்றார். இருவரையும் அங்கே சேர்த்தது ஒரே அறவுணர்வுதான். 1936இல் திருவிதாங்கூர் மன்னர் தம் அரசின் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டார்.

மூன்றாண்டுகள் கழித்து, 1939 ஜூலை 8 அன்று, மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வழக்கறிஞர் வைத்தியநாத ஐயர் நுழைந்தார். கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட மக்கள் ஐவரும் நாடார் ஒருவரும் உடன் சென்றார்கள். பட்டர்கள் சிலர் பூசை செய்ய மறுத்துவிட்டார்கள். ஐயர் தம் சொந்த சமூகத்தாரின் கடும் பகையைத் தேடிக்கொண்டார். அவர் சமய நம்பிக்கையைத் துறந்தவரல்லர். மீனாட்சியை நம்பியதால்தான் அந்தப் படியேறினார் என்று சொல்வதே பொருந்தும்.

ஆனால் ஐயரின் மனசாட்சி மட்டும் போதவில்லை. கமுதித் தீர்ப்பு அப்போதும் உயிரோடுதான் இருந்தது. அதைக் காட்டி, நுழைந்தவர்கள் மீதும் அனுமதித்த கோயில் அலுவலர்கள் மீதும் எவரும் வழக்குப் போட்டிருக்கலாம். அதனால்தான் ராஜாஜி அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து, பிறகு ஆலயப் பிரவேசச் சட்டத்தையும் நிறைவேற்றியது. நல்ல பக்தர் ஒருவர் நியாயம் செய்வதற்கே சட்டத்தின் காவல் தேவைப்பட்ட காலம் அது.

பிறகு அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 25ஆவது பிரிவு, மத சுதந்திரத்தை வழங்கிய கையோடு, பொதுவான இந்துக் கோயில்களை எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிடும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. மத சுதந்திரமும் இந்த அதிகாரமும் மோதினால்? கர்நாடகத்தின் மூல்கியிலுள்ள வெங்கடரமணர் கோயில் வழக்கில் 1957இல் உச்ச நீதிமன்றம் விடை சொன்னது. யார் உள்ளே வரலாம் என்பது ஆகமப்படி மத விஷயமே என்று ஒப்புக்கொண்டது. ஆனாலும் எல்லா இந்துக்களுக்கும் வாசல் திறக்கத்தான் வேண்டும் என்றது. அந்தக் கோயிலுக்குரிய சமூகத்தார் தமக்கென வைத்திருந்த சில சடங்குகளை மட்டும் அவர்களுக்கே விட்டுவைத்தது. நம்பிக்கையை இகழாமலும் அநீதிக்கு வளைந்துகொடுக்காமலும் எழுதப்பட்ட தீர்ப்பு அது.

இத்தனைக்கும் பிறகு, விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்கு 2023 ஜூனில் அதிகாரிகள் சீல் வைக்க நேர்ந்தது. பட்டியல் சமூகத்தார் வழிபடக் கூடாது என்று எழுந்த தகராறே காரணம். 2024 மார்ச்சில் பூசைக்கு மட்டும் கதவு திறந்தது. 2025 ஏப்ரலில்தான், போலீஸ் காவலோடு, அந்த மக்கள் அம்மனைப் பார்த்தார்கள்.

காவல் வண்டி திரும்பிப் போன பிறகு என்ன ஆகும் என்பதே இப்போது முக்கியம். பல ஊர்களில் ஒதுக்கிவைப்பது வாசலில் தொடங்குவதில்லை, திருவிழாவுக்கான தலைக்கட்டு வரியில் தொடங்குகிறது. காலனி மக்களிடம் வரி வாங்க மாட்டார்கள். வரி இல்லையென்றால் மண்டகப்படி இல்லை, தேர்வடம் தொட உரிமை இல்லை. வட்டாட்சியர் கதவைத் திறக்கலாம், வரி நோட்டில் பெயர் எழுத அவரால் ஆகாது. அதை ஊர்ப் பெரியவர்கள் எழுத வேண்டும். ஆன்மிக மேடைகளில் நந்தனார் சரித்திரம் சொல்லும் பேச்சாளர்களும் மடாதிபதிகளும் இந்த ஊர்களுக்குப் போய், காலனியிலும் வரி வாங்கச் சொல்லி அந்தப் பெரியவர்களிடம் நேரில் கேட்க வேண்டும். வரும் ஆடித் திருவிழாவுக்கு முன்பே கேட்கலாம்.