போன் சாஃப்ட்வேர் இலவசம்தான்... ஆனா உங்க கடை நம்பர் யார்கிட்ட இருக்கு?



சின்ன பிசினஸ் நடத்துறவங்க என்னைப் பார்த்தா அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "இன்டர்நெட் போன் போட்டா மாசம் எவ்வளவு மிச்சமாகும்?"

நேர்மையா சொல்லணும்னா, கால் கட்டணத்தில் பெருசா எதுவும் மிச்சமாகாது. நம்ம ஊரில் சில நூறு ரூபாய் ரீசார்ஜுக்கே அன்லிமிடெட் கால் கிடைக்குது. வெளிநாட்டு வீடியோக்களில் "போன் பில் பாதியா குறையும்"னு சொல்ற கணக்கு இங்கே செல்லாது.

அப்போ எதுக்கு இந்த சிஸ்டம்? என் சித்தப்பாவுக்கு நடந்ததைச் சொல்றேன்.

அவர் கோயம்புத்தூரில் பம்ப் ஸ்பேர்ஸ் கடை வைத்திருக்கிறார். ஆர்டர் எல்லாத்தையும் கவனிச்சது ஒரே ஒரு பையன். விசிட்டிங் கார்டு, பில் புக், கடை போர்டு எல்லாத்திலும் அந்தப் பையனோட மொபைல் நம்பர்தான். போன வருஷம் அவர் வேலையை விட்டுட்டு ரெண்டு தெரு தள்ளி சொந்தமா கடை போட்டார். சிம் அவர் பெயரில் இருந்ததால நம்பரும் அவரோடவே போச்சு. இதில் அவர் மேல் தப்பு சொல்ல ஒண்ணுமில்லை. சித்தப்பா சொன்னதுதான் மனசில் நிக்குது: "இத்தனை வருஷமா அவன் கடைக்கு நான் விளம்பரம் பண்ணியிருக்கேன்டா."

என் கருத்து இதுதான். போன் சிஸ்டத்தைச் செலவு குறைக்கிற வழியா பார்க்காதீங்க. கடை அட்வான்ஸ், சரக்கு மாதிரி உங்க நம்பரும் ஒரு சொத்து. அந்தச் சொத்து உங்க பெயரில் இருக்கணும்.

இந்த சிஸ்டம் என்ன செய்யும்?

வெளியில் ஒரே நம்பர். உள்ளே ஆளுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன். கஸ்டமர் கூப்பிட்டா முதலில் ஒருத்தருக்கு ரிங் போகும். அவர் எடுக்கலைன்னா அடுத்தவருக்குப் போகும். யார் கூப்பிட்டாங்க, எது மிஸ் ஆச்சுங்கிற பதிவு உங்ககிட்ட இருக்கும். ஆள் மாறினா எக்ஸ்டென்ஷனை இன்னொருத்தருக்குக் கொடுத்தா போதும், நம்பர் மாறாது.

இதை இலவசமா தர்ற சாஃப்ட்வேர்தான் ஆஸ்டெரிஸ்க். 1999-ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மார்க் ஸ்பென்சர் என்ற இளைஞர் சின்னதா ஒரு கம்பெனி நடத்திக்கிட்டிருந்தார். ஆபீஸ் போன் எக்ஸ்சேஞ்ச் வாங்கக் காசு கட்டுப்படியாகாததால் தானே ஒண்ணை எழுதினார். அதை ஓப்பன் சோர்ஸாகவும் வெளியிட்டார். அதை மவுஸால் கிளிக் பண்ணி இயக்க உதவுவது ஃப்ரீபிபிஎக்ஸ். சின்ன ஆபீஸுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டரே போதும். தனியா ஐபி போன் வாங்காம, ஸ்டாஃப் மொபைலில் லின்போன் மாதிரி இலவச ஆப் போட்டும் பேசலாம்.

நெட் ஸ்பீடு பத்திக் கவலை வேண்டாம். ஒரே நேரத்தில் 10 பேர் பேசினாலும் அப்லோடு, டவுன்லோடு ரெண்டுக்கும் சுமார் 1 எம்பிபிஎஸ் போதும். ஸ்பீடை விட லைன் விட்டு விட்டு வராம இருப்பதுதான் முக்கியம்.

அப்போ எங்கே செலவு?

ஓப்பன் சோர்ஸில் இலவசம் சாஃப்ட்வேர் மட்டும்தான். வெளி நம்பருக்கு எஸ்ஐபி ட்ரங்க் வாடகை உண்டு. யுபிஎஸ் வேணும், ஏன்னா பழைய லேண்ட்லைனுக்கு கரன்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வரும், இதுக்கு வராது. பெரிய செலவு பராமரிப்பு நேரம்.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். பராமரிப்புக்கு மாசம் 4 மணி நேரம், மணிக்கு 500 ரூபாய்னா 2,000 ரூபாய். கிளவுட் போன் சேவை ஆளுக்கு மாசம் 600 ரூபாய்னு வச்சுக்குங்க. 3 பேருக்கு 1,800. 12 பேருக்கு 7,200. இது வெறும் மாதிரிதான். உங்களுக்கு வர்ற கொட்டேஷனைப் போட்டு, ட்ரங்க் வாடகையும் சேர்த்துப் பாருங்க. ஆள் கம்மியா இருந்தா "இலவசம்" விலை அதிகமாகத் தெரியும். ஆள் கூடக் கூட சொந்த சிஸ்டம் லாபம்.

அதனால் என் சிபாரிசு:

1. 1 முதல் 3 பேர்: சிஸ்டமே வேண்டாம். உங்க பெயரிலோ கம்பெனி பெயரிலோ தனி சிம், தனி போன். அது கடையை விட்டு வெளியே போகக் கூடாது.
2. 4 முதல் 10 பேர்: கிளவுட் சேவை. சேவையை நிறுத்தினா நம்பர் யாருக்குன்னு எழுத்தில் கேட்டு வாங்குங்க.
3. அதுக்கு மேல, நம்பிக்கையான டெக்னீஷியனும் இருந்தா: ஆஸ்டெரிஸ்க், ஃப்ரீபிபிஎக்ஸ்.

மூணு எச்சரிக்கை

ஒண்ணு, எக்ஸ்டென்ஷன் பாஸ்வேர்டை 1234-னு வச்சு, சிஸ்டத்தை நேரடியா இன்டர்நெட்டில் திறந்துவிடாதீங்க. இப்படித் திறந்து கிடக்கிற சிஸ்டத்தைத் தேடுறதையே ஒரு கும்பல் தொழிலா வச்சிருக்கு. ராத்திரியில் உங்க லைனில் வெளிநாட்டுக்குக் கால் போட்டுட்டுப் போயிடுவாங்க, பில் உங்களுக்கு வரும். ஐஎஸ்டி தேவையில்லைன்னா முதல் நாளே அடைச்சுடுங்க.

ரெண்டு, ட்ரங்க்கை லைசென்ஸ் உள்ள டெலிகாம் கம்பெனியிடம் மட்டும் வாங்குங்க. "சிம் பாக்ஸ் வைக்க இடம் கொடுங்க, மாச வாடகை தர்றோம்"னு யாராவது வந்தா வாசலோடு அனுப்பிடுங்க. வெளிநாட்டு இன்டர்நெட் காலை லோக்கல் கால் மாதிரி மாத்திவிடுற வேலை அது. சட்டவிரோதம், போலீஸ் கேஸ் ஆகும்.

மூணு, அட்மின் பாஸ்வேர்டு டெக்னீஷியன்கிட்ட மட்டும் இருக்கக் கூடாது. இருந்தா, சித்தப்பா கதைதான் திரும்பவும். எழுதி வாங்கி, பேக்கப்போடு உங்க லாக்கரில் வைங்க.

சித்தப்பா கடைக்கு நாங்க ஆஸ்டெரிஸ்க் போடலை. அங்கே இருக்கிறது மூணே பேர். அவர் பெயரில் ஒரு சிம் வாங்கினோம். போர்டையும் பில் புக்கையும் மாத்தினோம். பழைய கஸ்டமர்களுக்கு லெட்ஜரைப் பார்த்து ஒவ்வொருத்தரா அவரே போன் பண்ணார். கொஞ்சம் பேர் திரும்பி வந்தாங்க, எல்லாரும் வரலை.

இன்னைக்கே உங்க விசிட்டிங் கார்டை எடுத்துப் பாருங்க. அதில் இருக்கிற நம்பர் யார் பெயரில் இருக்கு? பதில் தெரிஞ்ச பிறகு எந்த சிஸ்டம்னு யோசிக்கலாம்.