வீட்டு சம்ப் நிரம்புது... கார் சம்ப் உடையுது!

சென்னையில் காருக்கு எமன் அண்ணா சாலையில் இல்லை. அவரவர் வீட்டு கேட் வாசலிலேயே காத்திருக்கிறான்!

பெரிய ரோட்டில் குழி இருந்தால் டிரைவர் ஒடித்து ஓட்டித் தப்பிவிடுவார். வாசல் குழியில் அது நடக்காது. கேட்டின் அகலம் அவ்வளவுதான். காலையில் இறங்கும்போது ஒரு அடி. மாலையில் ஏறும்போது ஒரு அடி. வருடத்துக்கு 730 அடி. அதுவும் அதே சக்கரத்துக்கு!

"மெதுவாத்தானே ஏத்துறோம்" என்பார்கள். கேட்டுக்குள் நுழைய ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்ப வேண்டும். திரும்பிய சக்கரம் குழியில் விழுந்தால் அடி டை ராடுக்கும் பால் ஜாயின்டுக்கும் போகிறது. அலைன்மென்ட் கெட்டு, டயர் ஒரு பக்கமாகத் தேய்கிறது. குழியின் விளிம்பு கூராக இருந்தால் டயரின் பக்கவாட்டில் கொப்புளம் கிளம்பும். பஞ்சர் ஒட்டி ஓட்டுகிற சமாசாரம் இல்லை அது. எந்த நேரத்தில் வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது.

எல்லாவற்றையும் விட மோசம், வயிற்றில் விழும் அடி. முன்சக்கரம் குழியில் இறங்கியதும் எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் சம்ப் ரோட்டில் இடிக்கிறது. விரிசல் விட்டால் ஆயில் சொட்டுச் சொட்டாக ஒழுகும். சிவப்பு விளக்கு எரிந்த பிறகும் "ஒர்க்‌ஷாப் பக்கம்தானே" என்று ஓட்டினால் போச்சு. எஞ்சின் ஜாம்! கடனில் டாக்சி ஓட்டுகிறவர் என்றால், வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கிற நாளெல்லாம் வருமானம் இல்லை. தவணை மட்டும் நிற்காது.

இன்சூரன்ஸ் இருக்கிறதே? சாதாரண முழு இன்சூரன்சில் டயர் மட்டும் போனால் பைசா கிடையாது. வண்டியும் சேர்ந்து அடிபட்டால்தான் டயருக்குப் பாதிப் பணம். ஆயில் ஒழுகிய வண்டியை ஓட்டி எஞ்சின் போனால், அதற்கென்று தனி பிரீமியம் கட்டாதவருக்குக் கையை விரித்து விடுவார்கள்.

குற்றவாளி யார்?

தேடி அலைய வேண்டாம். காலையில் ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறான். தண்ணி லாரி!

12 ஆயிரம் லிட்டர் லாரி என்றால் தண்ணீரின் எடை மட்டும் 12 டன். அது வந்து நிற்பது அதே கேட் ஓரம். குழாயைச் சொருகும்போதும் ஒழுகல், உருவும்போதும் ஒழுகல். தார் ரோட்டுக்கு ஜென்ம விரோதி தண்ணீர். விரிசல் வழியாக இறங்கி அடிமண்ணை இளக்கிவிடும். பிறகு டயர் அழுத்த அழுத்த ஜல்லி பெயர்ந்து வரும். வீட்டு சம்பை நிரப்ப வந்த தண்ணீர் கார் சம்பை உடைக்கிறது!

லாரியை மட்டும் திட்டிப் பயன் இல்லை. குடிநீர்க் குழாய்க்கும் கேபிளுக்கும் ரோட்டை வெட்டிவிட்டு, மண்ணைத் தள்ளி மூடிப் போகிறவர்கள் கூட்டாளிகள். லாரிக்குப் பணம் கட்டும் குடியிருப்போர் சங்கமும் தப்ப முடியாது. ஒழுகும் குழாயோடு வரும் லாரியை அவர்கள் திருப்பி அனுப்பியிருக்க வேண்டாமா?

சட்டம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் 198ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. ரோட்டை ஒழுங்காகப் போடாமல், பராமரிக்காமல் விட்டு, அதனால் உயிர் போனாலோ ஊனம் ஆனாலோ பொறுப்பானவர்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். சம்ப் உடைந்தால்? அந்தப் பிரிவில் ஒன்றும் இல்லை. இந்த ஓட்டையை அடைப்பது யார்?

கேட்டுக்கு உள்ளே குழி என்றால் வீட்டுக்காரர் பாடு. வெளியே என்றால் மாநகராட்சி வேலை. செங்கல் உடைசலைக் கொட்டி மூடுவது ஒரு மழைக்குத் தாங்காது. அரித்துப் போனபின் மிஞ்சும் கல் முனை டயரைக் கிழிக்கும். லாரி நிற்கும் இடத்தில் தார் நிற்காது. அங்கே கான்கிரீட்தான் போட வேண்டும்.

மழை பெய்துவிட்டால் குழியில் தண்ணீர் நின்று ஆழமே தெரியாது. மாநகராட்சி புகார் எண் 1913. அக்டோபருக்கு முன்னால் போன் போட்டு, புகார் நம்பரை மறக்காமல் எழுதி வாங்க வேண்டும்.