மவுஸைத் தள்ளி வையுங்கள்

ஹோம்புஷில் வளர்ந்த எங்களுக்கு 2000ஆம் ஆண்டு ஒலிம்பிக் என்றால் அரங்கும் கேத்தி ஃப்ரீமனின் ஓட்டமும்தான். அதே ஒலிம்பிக்கின் இணையத்தளம் ஒரு வழக்கில் தோற்றது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

புரூஸ் மக்வயர் பார்வையற்றவர். பிரெய்ல் கருவியால் இணையத்தை வாசித்தவர். போட்டி நேர அட்டவணையிலிருந்து விளையாட்டுகளின் பட்டியலுக்குப் போக அவருக்கு வழி இருக்கவில்லை. 1999இல் முறையிட்டார். திருத்துவதற்குச் செலவும் காலமும் தாங்காது என்றது ஏற்பாட்டுக் குழு. மனித உரிமைகள் ஆணைக்குழு அதை ஏற்கவில்லை. இது பாகுபாடு என்று 2000 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. தளம் முழுமையாகத் திருத்தப்படாததால் பிறகு 20,000 டொலர் நட்டஈடும் கொடுக்கச் சொன்னது.

இத்தனை வருடத்துக்குப் பிறகும், நிரல் எழுதப் பழகும் நாங்கள் தினமும் திறக்கும் கையேட்டுத் தளங்கள் பல அதே பிழையைச் செய்கின்றன. நான் கேட்பது நாலே நாலு விஷயம்.

டாப் விசையை அழுத்தினால், வாசிக்கும் ஒழுங்கில் அடுத்த லிங்குக்குப் போகவேண்டும்; ஷிஃப்ட்டோடு அழுத்தினால் முந்தியதற்கு.

எந்த லிங்கில் நிற்கிறேன் என்று கண்ணுக்குத் தெரியவேண்டும். வடிவாக இல்லையென்று அந்தக் கோட்டை அழிப்பவர்கள், மவுஸ் அம்புக்குறியையும் அழித்துவிட்டு ஒருநாள் வேலை செய்து பார்க்கட்டும்.

பக்கப் பட்டியலில் ஐம்பது லிங்க் இருந்தால், அவற்றைத் தாண்டி நேரே பாடத்துக்குப் போக ஒரு வழி வேண்டும்.

ஒரு லிங்கைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பினால், விட்ட இடத்திலேயே நிற்கவேண்டும். பக்கத்தின் உச்சியில் கொண்டுபோய் விடுவது, ஸ்ட்ராத்ஃபீல்டில் இறங்கியவரை மறுபடி சென்ட்ரலில் இருந்து வரச் சொல்வதுபோல. ஈமாக்ஸில் உள்ள 'இன்ஃபோ' என்ற பழைய கையேட்டு வாசிப்பான் இதை ஒரே ஒரு விசையில் செய்கிறது. புதியவற்றுக்கு என்ன கஷ்டம்?

"கீபோர்டால் வாசிப்பவர்கள் கொஞ்சப் பேர்தானே" என்பார்கள். வழியை அடைத்துவிட்டு, ஆட்கள் வரவில்லை என்று எண்ணிக் காட்டுவது நியாயமா? கண் தெரியாதவர், கை நடுங்குபவர், மணிக்கட்டு வலியோடு பரீட்சைக்குப் படிப்பவர் எல்லாருக்கும் அந்தக் கையேடு சொந்தம்.

நீங்களும் தளம் செய்கிறீர்கள்: பாடசாலை ஒப்படைக்கு, தமிழ்ப் பள்ளி விழாவுக்கு. இன்றிரவு மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு அதைத் திறந்து டாப் விசையை அழுத்துங்கள். எங்கே சிக்குகிறீர்களோ, அங்கேயே திருத்தத் தொடங்குங்கள்.