பள்ளத்தில் பாயும் பொய்

யுத்தம் என்றால் பீரங்கியும் விமானமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் சீனத்தில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் சுன் த்சு என்ற தளபதி அப்படி நினைக்கவில்லை. அவர் பெயரால் வழங்கும் 13 அத்தியாய நூலின் சாரம் இதுதான்: சண்டையில்லாமலே எதிரியைப் பணிய வைப்பவன்தான் கெட்டிக்காரன். எதிரி ஒன்றுபட்டிருந்தால் அவனைப் பிரிக்க வேண்டும். மேட்டை விட்டுப் பள்ளம் தேடும் தண்ணீரைப் போல, அவனுடைய பலவீனமான இடத்தில் பாய வேண்டும்.

இன்று ராணுவ நிபுணர்கள் 'கலப்பு யுத்தம்' என்று சொல்வதிலும் இந்தத் தந்திரமே இருக்கிறது. படை ஒரு பக்கம். வர்த்தகத் தடை, பணம், கம்ப்யூட்டர் வழித் தாக்குதல், பொய்ப் பிரசாரம் மறு பக்கம். ஆகவே, போர்க்களம் எல்லையில் மட்டும் இல்லை. மீமிசல் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர் கையிலுள்ள போனிலும் இருக்கிறது.

இது மிகையா? 2023 மார்ச்சை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளரை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. அவை பொய் என்று தமிழகப் போலீஸ் அறிவித்தது. அதற்குள் பீதி பரவிவிட்டது. திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர் பலர் மூட்டை கட்டினார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழு நேரில் வந்து விசாரிக்க வேண்டியதாயிற்று.

இதைச் செய்தது அந்நியப் படை அல்ல, உள்நாட்டு ஆட்களே. ஆனால் முறை அதேதான். ஒரு குண்டு வெடிக்கவில்லை. ஆயினும் ஒரே மிஷின் வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் சந்தேகித்தார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் அல்லவா?

பொய் ஏன் அவ்வளவு வேகமாகப் பாய்ந்தது? பள்ளம் இருந்தது, பாய்ந்தது. வெளியூரான் குறைந்த கூலிக்கு வந்து நம் பிழைப்பைக் கெடுக்கிறான் என்ற முணுமுணுப்பு ஆலையிலும் உண்டு, நடவு வயலிலும் உண்டு. கூலியைக் குறைத்தவன் அவனா? குறைத்துக் கொடுத்தவன் யார்? ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று சேர்ந்து கேட்டு வாங்கினால் அந்தப் பள்ளம் தூர்ந்து போகும்.

இன்னொரு காவலும் வேண்டும். சுன் த்சு நூலின் கடைசி அத்தியாயம் ஒற்றர்களைப் பற்றியது. நம் வள்ளுவரும் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கினார். ஓர் ஒற்றன் சொன்னதை வேறோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொன்னார். அரசனுக்குச் சொன்ன அந்தப் புத்தி இன்று நமக்கும் வேண்டும். போனில் ஒரு படம் வந்தால் எந்த ஊர், எந்தத் தேதி, அனுப்பியவன் யார் என்று கேட்போம். பக்கத்து மிஷினில் நிற்கும் பீகார்க்காரரிடமே விசாரிப்போம். தெரியாவிட்டால் பிறருக்கு அனுப்பாமல் நிறுத்துவோம்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் பாட்டன் மொழி. பள்ளத்தைத் தூர்ப்போம், விசாரித்த பின்பே நம்புவோம். ஒன்றுபட்ட உழைப்பாளிகளை இந்தத் தந்திரத்தால் வெல்ல முடியாது.